தோல் எந்தப் பதத்தில் ஊரைவிட்டுப் போனது

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சரக்கு விவரம், எடை, வரித் தலைப்பு, கப்பல் பெயர், வங்கிக்குப் போகும் உறை, இவைதான் என் பிழைப்பு. தோலைத் தொட்டது குறைவு, தோலைப் பற்றித் தட்டச்சு அடித்தது ஏராளம். அப்பா எனக்கு நேர் எதிர். பட்டைக் குழியில் இறங்கி வேலை செய்தவர். அவர் நக இடுக்கில் இருந்த ஆவாரம்பட்டைச் சாயம் எந்தச் சோப்புக்கும் போனதில்லை. நான் லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, அதே தொழிலின் மறுமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கத்துத் தோல் தொழிலின் வரலாற்றைச் சொல்லுபவர்கள் பெரிய முதலாளிகளின் பெயர்களில் தொடங்குவார்கள். எனக்குத் தெரிந்த வழி வேறு. இன்ன வருஷத்தில் தோல் எந்தப் பதத்தில் ஊரைவிட்டுப் போனது என்று மட்டும் சொல்லுங்கள். உப்புப் போட்ட பச்சைத் தோலா, பாதி பதனிட்டதா, சாயமேற்றி முடித்ததா, ஷூவாகவே தைத்ததா? அதைச் சொன்னால் அந்த வருஷத்தில் யார் கை ஓங்கியிருந்தது என்று நான் சொல்லிவிடுவேன். மாவட்டத்தின் பெயரெல்லாம் அப்புறம். வாணியம்பாடியும் திருப்பத்தூரும் ஒரு காலத்தில் சேலம் ஜில்லா, ஆம்பூர் வடாற்காடு. பிறகு எல்லாம் சேர்ந்து வேலூர் மாவட்டம். 2019 நவம்பரிலிருந்து திருப்பத்தூர் மாவட்டம். தோலுக்கு இதெல்லாம் தெரியாது.

ஏன் இந்த ஊர்கள்? பாலாற்றுத் தண்ணீர் ஒரு காரணம். வறண்ட மேட்டில் தானாக முளைக்கும் ஆவாரஞ்செடி இன்னொன்று. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய ரயில், அடுத்த சில ஆண்டுகளில் எங்கள் ஊர்களைத் தாண்டி ஜோலார்பேட்டை பக்கம் போய்விட்டது. 1864-இல் அங்கிருந்து பெங்களூருக்கும் பாதை திறந்தது. கர்நாடகத்து மாட்டுத் தோலும் சென்னைத் துறைமுகமும் ஒரே தண்டவாளத்தில் வந்து நின்றன.

தண்ணீரும் செடியும் ரயிலும் வேறு ஊர்களுக்கும் இருந்தன. எங்களிடம் இருந்தது ஆள் சேர்க்கை. செத்த மாட்டைத் தொடுவதைத் தீட்டு என்று ஒதுக்கிய சமூகத்தில், அந்தத் தொழிலில் முதல் போட பெரும்பாலான வணிகச் சாதிகள் முன்வரவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம் வியாபாரிகளுக்கு அந்தத் தடை கிடையாது. வீட்டில் உருது, கடையில் தமிழ், மாட்டுச் சந்தையில் தெலுங்கு, கன்னடம் என்று புழங்கியவர்கள். குழியில் இறங்க எங்கள் சேரிகள் இருந்தன. பொருளாதாரம் படித்தவர்கள் இதைப் போட்டி குறைவான சந்தை என்பார்கள். எங்கள் தெருவில் இதற்குப் பெயர் சாதி. தீட்டு என்று விலகியவர்களில் வட்டிக்குக் கொடுத்தவர்களும் உண்டு. பணத்துக்கு மட்டும் தீட்டு ஒட்டவில்லை.

அந்த லாபத்தில் ஊருக்குத் திரும்பி வந்ததையும் சொல்ல வேண்டும். 1901-இல் வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கம் தொடங்கியது, 1919-இல் இஸ்லாமியா கல்லூரி வந்தது. இப்படி ஒரு சின்ன ஊருக்கு அந்தக் காலத்தில் கல்லூரி வந்ததென்றால் அதற்குப் பின்னால் தோல் பணம் இருக்கிறது.

இனி குழிக்கு வருவோம். அப்பா சொல்லிக் கேட்டதும், பள்ளி விடுமுறையில் சோறு கொண்டுபோனபோது பார்த்ததும் இது. உப்புத் தோலை முதலில் தண்ணீரில் ஊறப்போட்டு உயிர்ப்பிப்பார்கள். பிறகு சுண்ணாம்புத் தொட்டி. சில நாளில் மயிர் இளகிவிடும். சாய்வான மரக்கட்டையில் தோலைப் போர்த்தி, இரண்டு பக்கமும் பிடி உள்ள மொண்ணைக் கத்தியால் மயிரைத் தள்ளுவார்கள். மறுபக்கம் திருப்பிக் கூர்க்கத்தியால் ஜவ்வை எடுப்பார்கள். கத்தி ஒரு நூல் ஆழமாக இறங்கினால் தோல் ஒரு தரம் கீழே போய்விடும். சுண்ணாம்பைக் கழுவி எடுத்தபின் ஆவாரம்பட்டைச் சாறு நிறைந்த குழி. முதலில் பழைய, நீர்த்த சாறு, பிறகு படிப்படியாகப் புதிய, கெட்டியான சாறு. முதல் நாளே கெட்டிச் சாற்றில் போட்டால் மேல்புறம் இறுகி உள்ளே பச்சையாக நின்றுவிடும். இதில் வாரக்கணக்கில் அவசரம் காட்டாமல் இருப்பதுதான் வித்தை. கடைசியில் கடுக்காய்த் தண்ணீர், எண்ணெய், நிழலில் உலர்த்தல். வெளிர் மஞ்சளாக, தட்டினால் ஓசை வரும் தோல் கிடைக்கும்.

கடுக்காயும் எண்ணெயும் சேர்ந்த இந்தக் கடைசிக் கட்டத்தை 1840-களில் சேர்த்தவர் சார்லஸ் டி சூசா என்ற யுரேசியர் என்பது தொழிலில் வழிவழியாகச் சொல்லப்படுவது. மொரீஷியஸ் பக்கம் கற்றுக்கொண்டது என்பார்கள். நம் பட்டைக் குழி பழையது, அந்த முடிவு வெளியிலிருந்து வந்தது. இரண்டும் சேர்ந்த சரக்குக்கு லண்டன் சந்தையில் ஈஸ்ட் இந்தியா கிப்ஸ் என்று பேர். நம் நாட்டு மாடு சிறியது, அதன் தோலும் சிறியது. சின்ன மாட்டுத் தோலுக்குத்தான் அவர்கள் கிப் என்பார்கள். 2008-இல் இந்த இ.ஐ. தோலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் எங்கள் பக்கத்தில் பட்டைக் குழிகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன என்பது வேறு கதை.

குழியிலிருந்து எடுத்த தோல் சென்னை பெரியமேட்டுக்குப் போகும். அங்கே கமிஷன் மண்டிக்காரர்கள் முன்பணம் கொடுத்திருப்பார்கள். அவர்களிடமிருந்து கார்டன் உட்ராஃப் போன்ற வெள்ளைக்காரக் கம்பெனிகள் வாங்கிக் கப்பலேற்றும். லண்டனில் ஏலம். எங்கள் ஊரில் பதனிட்டவனுக்கு விலையைச் சொல்லும் அதிகாரம் எந்தக் கட்டத்திலும் கிடையாது. பச்சைத் தோலை ரொக்கம் கொடுத்து வாங்குவான், விற்ற தோலின் விலையைத் தந்தியில் தெரிந்துகொள்வான். இடையில் சில மாதங்கள், அந்த மாதங்களுக்கான வட்டி, அந்த வட்டிக்கான பயம். பாதி பதனிட்ட தோல் என்ற பதம் இந்த ஏற்பாட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. கெடாமல் கடல் தாண்டும், அங்கே போய் அவர்கள் விருப்பப்படி சாயம் ஏற்றி ஷூ ஆக்கலாம். லாபத்தின் கொழுத்த பகுதி அந்தக் கடைசி வேலையில்தான் இருந்தது.

இந்த ஏற்பாட்டை முதலில் ஆட்டியவன் ஒரு வேதியியல்காரன். 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோமியம் உப்பில் தோல் பதனிடக் காப்புரிமை பெற்றார். 1893-இல் மார்ட்டின் டென்னிஸ் அதை ஒரே குளியலில் முடிக்க வழி கண்டார். வாரக்கணக்கு வேலை நாள்கணக்கில் முடிந்தது. குரோம் பதனிடப் பச்சைத் தோல் வேண்டும், பட்டைச் சாறு ஏறிய தோல் உதவாது. அதுவரை நம் பதனிட்ட ஆட்டுத் தோலை வாங்கிய அமெரிக்கா, உப்புப் போட்ட பச்சைத் தோலைக் கேட்கத் தொடங்கியது. சென்னை மாகாணத்தில் ஆட்டுத் தோல் பதனிட்டவர்கள் அந்த நூற்றாண்டின் முடிவில் அடி வாங்கினார்கள். மாகாண அரசின் ஆல்பிரட் சாட்டர்டன் இங்கேயே குரோம் முறையைக் கொண்டுவர முயன்றார். பல்லாவரம் பக்கத்தில் ஜி. ஏ. சேம்பர்ஸ் நடத்திய குரோம் லெதர் கம்பெனியிலிருந்துதான் குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே வந்தது. மின்சார ரயிலில் தினமும் அங்கே இறங்குகிற பலருக்கு இது தெரியாது.

முதல் உலகப் போர் வரும்வரை இந்தியாவின் பச்சை மாட்டுத் தோல் வியாபாரம் பெருமளவு ஜெர்மன் வர்த்தகக் கம்பெனிகளின் கையில் இருந்தது. கல்கத்தாவில் வாங்கி ஹாம்பர்க், பிரேமனுக்கு அனுப்புவார்கள். 1914-இல் அது ஒரே வாரத்தில் நின்றது. அதே நேரம் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பூட்ஸ் வேண்டும். பூட்ஸின் மேல்பாகத்துக்கு எங்கள் கிப் தோல் சரியாகப் பொருந்தும் என்று போர் அலுவலகம் கண்டுகொண்டது. 1916-இலிருந்து சென்னை மாகாணத்துப் பதனிட்ட மாட்டுத் தோலை அரசே வாங்கியது, விலையை அரசே வைத்தது. பாலாற்றங்கரையில் புதிதாகக் குழிகள் வெட்டப்பட்டன. அப்பாவின் அப்பா கூலிக்குச் சேர்ந்தது இந்தக் காலத்தில்தான் என்று வீட்டில் பேச்சு. பிரான்ஸில் சேற்றில் நின்றவன் காலில் இருந்தது ஆம்பூர்த் தோலாக இருக்கலாம் என்று நான் சொன்னால் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை.

போர் முடிந்ததும் டெல்லியில் ஒரு கணக்குப் போட்டார்கள். 1919-இல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீதம் வரி. தோல் உள்ளூரிலேயே பதனிடப்படட்டும் என்பதுதான் சொன்ன காரணம். கூடவே ஒரு சலுகை: பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் எங்காவது பதனிடப்படும் தோல் என்றால் 10 சதவீதம் திருப்பிக் கிடைக்கும். இந்தச் சலுகையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஜெர்மன்காரனுக்கு 15, இங்கிலாந்துத் தொழிலதிபருக்கு 5. எங்கள் குழிக்குப் பாதுகாப்பு என்று எழுதிய சட்டத்தில் லண்டன் குழிக்குத்தான் உண்மையான பாதுகாப்பு. போர் ஆர்டர் நின்றது, விலை சரிந்தது, கடன் வாங்கிக் குழி வெட்டியவர்கள் நொடித்தார்கள். 1923-இல் வரியை 5 சதவீதமாக்கிச் சலுகையையும் எடுத்துவிட்டார்கள். நான்கு வருஷத்தில் ஒரு தொழிலுக்கு அரசு நம்பிக்கை கொடுத்து, பறித்தும் விட்டது. ஏற்றுமதிக் காகிதத்தோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு வரிச் சட்டத்தைப் படிக்கும்போது விகிதத்தைப் பார்க்காதீர்கள், விலக்கைப் பாருங்கள். யாருக்காக எழுதினார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

சுதந்திரத்துக்குப் பின் 1948-இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அதன் இயக்குநராக இருந்த நாயுடம்மா ஆய்வுக்கூடத்தைவிட்டு இறங்கி வந்து தோல்காரர்களோடு பேசியவர் என்று பெரியவர்கள் இன்றும் மரியாதையோடு சொல்வார்கள். 1985-இல் கனிஷ்கா விமானத்தில் அவர் இறந்த செய்தி வந்தபோது எங்கள் ஆபீசில் வேலை ஓடவில்லை. இருந்தாலும் ஐம்பது, அறுபதுகளில் ஆம்பூர் பெரும்பாலும் அதே இ.ஐ. தோலைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. கொடி மாறியது, பதம் மாறவில்லை.

அது மாறியது எழுபதுகளில். 1972-இல் சீதாராமையா கமிட்டி அறிக்கை கொடுத்தது. பச்சைத் தோல் வெளியே போகக் கூடாது, பாதி பதனிட்டது குறைய வேண்டும், முடித்த தோலும் ஷூவும் போக வேண்டும் என்பது சாரம். 1973-இல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடை, அடுத்து பாதி பதனிட்ட தோலுக்குக் கோட்டா, வரி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆபீசில் தோலைப் பற்றிய பேச்சே நின்று, யாருக்கு எவ்வளவு கோட்டா என்பதே பேச்சானது. முடித்த தோல் செய்ய இயந்திரம் வேண்டும், சாயம் வேண்டும், இத்தாலியில் எந்த நிறம் ஓடுகிறது என்ற தகவல் வேண்டும். பெரிய கம்பெனிகள் சமாளித்தன. இரண்டு குழி, நான்கு குழி வைத்திருந்தவர்கள் மற்றவர்களுக்குக் கூலிக்குப் பதனிடுபவர்களாக இறங்கினார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள்.

நாட்டுக்கு இது நல்ல முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் தட்டச்சுப் பொறியிலேயே அது தெரிந்தது. சரக்கு விவரம் என்ற கட்டத்தில் இ.ஐ. கிப்ஸ் என்று அடித்தவன், பிறகு ஃபினிஷ்டு லெதர் என்றும், பிறகு ஷூ அப்பர் என்றும், கடைசியில் ஜோடிக் கணக்கில் ஷூ என்றும் அடித்தேன். சோவியத் யூனியனோடு ரூபாய் வர்த்தகம் ஓடியவரை அதுவும் ஒரு தெம்பு. 1991-இல் அந்த நாடே இல்லாமல் போனபோது அந்த வரவும் போனது.

ஆனால் இந்த முன்னேற்றத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் கூலியும் கழிவுநீர்ச் சட்டமும் ஏற ஏற, பதனிடும் தொழிற்சாலைகள் மூடிக்கொண்டு வந்தன. அவர்களுக்கு வேண்டாத வேலையைத்தான் நாம் மதிப்புக் கூட்டல் என்று வாங்கிக்கொண்டோம். பட்டைக் குழி போய் சுழலும் மர டிரம் வந்தது, ஆவாரம் போய் குரோம் வந்தது. தோலோடு ஊருக்கு வரும் உப்பு மட்டும் பழையபடி கழுவப்பட்டுப் பாலாற்றுக்கே போனது. உப்பை எந்தச் சுத்திகரிப்பும் சுலபத்தில் பிரித்து எடுக்காது.

இங்கே இரண்டு காலக்கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். 1989 டிசம்பரில் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தடை செய்தது. கப்பலில் தோல் பூசணம் பிடிக்காமலிருக்க நாங்கள் போட்டுவந்த மருந்து அது. ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கு உள்ளே வராது. தொண்ணூறின் தொடக்கத்தில் எங்கள் ஆபீசில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. மாதிரித் துண்டுகளை உறையில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, சோதனைக்கு அனுப்பிவிட்டு டெலக்ஸ் பக்கத்தில் காத்திருப்போம். மருந்தை நிறுத்தினால் போதும் என்று நினைத்தோம், போதவில்லை. பழைய டிரம்மின் மரத்தில் ஊறிப்போனதே புதுத் தோலில் ஏறியது. டிரம்மைத் தேய்த்தார்கள், பலகையை மாற்றினார்கள், மாற்று மருந்து தேடினார்கள். அரசும் ஆராய்ச்சி நிலையமும் கூடவே ஓடின. கொஞ்ச காலத்தில் தொழில் முழுக்க மாறிவிட்டது. பிறகு 1994-இல் அதே ஜெர்மனி சில அசோ சாயங்களுக்கும் தடை போட்டது, அதையும் மாற்றினோம்.

இன்னொரு கணக்கு. 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கிணறு கெட்டுவிட்டது, நிலம் கெட்டுவிட்டது என்பது வழக்கு. 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோல் முடிக்க 35 லிட்டர் தண்ணீர், குரோம் முறையில் சுமார் 170 வகை ரசாயனம், ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்பதெல்லாம் அந்தத் தீர்ப்பிலேயே உள்ளன. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய வழக்குகளில் இது முக்கியமானது. சட்டக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு வேலூர் என்றாலே இந்த வழக்குதான். ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம், பொதுச் சுத்திகரிப்பு நிலையம், நட்ட ஈடு. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்தன, ஓடின, சில நாள் ஓடவில்லை. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் செத்தார்கள். 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லி, நட்ட ஈட்டைக் கொடுக்கச் சொல்லியது. தொடங்கியது 1991.

ஜெர்மனியில் வாங்குபவன் சொன்னதற்கு ஓரிரு பருவம். எங்கள் பக்கத்துத் துத்திப்பட்டுக்காரனும் மாதனூர்க்காரனும் சொன்னதற்கு முப்பது வருஷத்துக்கு மேல். இரண்டும் ஒரே தொழில், ஒரே முதலாளிகள், ஒரே ரசாயன அறிவு. நானும் அந்த ஆபீசில் சம்பளம் வாங்கியவன்தான். ஜெர்மன் சோதனை அறிக்கைக்குக் கோப்பு போட்டோம், கிணற்றுத் தண்ணீர் அறிக்கைக்கு யாரும் கோப்பு போடச் சொல்லவில்லை. பணம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துச் சட்டம்தான் சட்டம்.

ஷூவுக்கு மாறியதில் நான் பெரிதாக நினைப்பது பெண்களை. பட்டைக் குழிக் காலத்தில் பெண்ணுக்குக் கிடைத்தது கூட்டுவது, காயப்போடுவது போன்ற துண்டு வேலை. இன்று காலையில் ஆம்பூர் பைபாஸில் நின்று பார்த்தால் கம்பெனி பஸ்கள் வரிசையாகச் சுற்றுக் கிராமத்துப் பெண்களை இறக்கிவிட்டுப் போகும். அப்பர் தையல் பெரும்பாலும் அவர்கள் கையில். சம்பளம் அதிகமில்லை, இலக்கு கடுமை, மேஸ்திரி சத்தம் உண்டு. ஆனாலும் என் தெருவில் ஏழெட்டு வீடு அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகளை நர்சிங்குக்கும் பாலிடெக்னிக்குக்கும் அனுப்பியிருக்கிறது.

கடைசியாக நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். 2017 மே மாதம், சந்தையில் மாட்டை இறைச்சிக்கு விற்கக் கூடாது என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விதி கொண்டுவந்தது. ஒரு வாரத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. அந்த ஒரு வாரமே மண்டிகளில் கிலி. தீட்டு ஒதுக்கித் தந்த தொழிலைப் புனிதம் வந்து தொட்ட நேரம் அது. 2025 ஆகஸ்ட் 27-இலிருந்து அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி என்றது. அதில் பாதிக்குச் சொன்ன காரணம் தோலோ ஷூவோ இல்லை, ரஷ்ய எண்ணெய். அதே ஆண்டு ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தத்தில் ஷூவுக்கு வரி நீக்கம். ஒரே மழைக்காலத்தில் ஒரு கதவு சாத்தப்பட்டது, இன்னொன்று திறப்பதாகச் சொன்னார்கள்.

இவற்றைவிட என் கண்ணில் பட்டது 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் இருந்த ஒரு சின்ன வரி. பதனிட்டு உலர்த்தி, முடிப்பதற்கு முன்பிருக்கும் கிரஸ்ட் தோலின் ஏற்றுமதிக்கு இருந்த 20 சதவீத வரி எடுக்கப்பட்டது. சிறு பதனிடுவோருக்கு உதவி என்று சொன்னார்கள். குரோம் பதனிட்டு ஈரமாகவே வரும் வெட் ப்ளூ தோலின் இறக்குமதி வரியும் அதே பட்ஜெட்டில் எடுக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு முன் முடிக்காமல் அனுப்பாதே என்று சொன்ன அரசு, இப்போது முடிக்காமலும் அனுப்பலாம் என்கிறது. வாணியம்பாடியில் சின்ன டேனரி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். ஷூ கம்பெனியில் கொள்முதல் பார்க்கும் என் தம்பி மகன், நல்ல கிரஸ்ட் எல்லாம் சீனாவுக்கும் வியட்நாமுக்கும் போய்விடும், அங்கே ஷூவாகி நம்மோடு போட்டிக்கு வரும் என்று கடுகடுத்தான். நான் தம்பி மகன் பக்கம். நண்பருக்கும் கூலிக்குப் பதனிட்டே காலம் தள்ளிய கோபம் இருக்கிறது, அது நியாயம்தான். ஆனால் கிரஸ்ட்டாகத் தோல் வெளியேறினால் உப்பும் குரோமும் வாணியம்பாடியில் நிற்கும், தையல் கூலி ஹோ சி மின் நகரத்துக்குப் போகும். இதை அவரிடமே சொன்னேன். இனிப்பைத் திருப்பிக் கொடு என்றார்.